பதினான்காம் புத்தகம்

என் இருபது வருஷக் கிராணி உத்தியோகத்தில் நான் தயாரித்த பட்டியல்களிலேயே அழகானது, ஓர் அமெரிக்க எழுத்தாளரின் நூல்களுக்கு நான் போட்ட பட்டியல்தான். ஓர் அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. வரிசை எண், நூலின் பெயர், வெளிவந்த ஆண்டு, நாவலா சிறுகதையா என்று நான்கு கட்டங்கள். சிவப்பு மையில் கோடு. மொத்தம் பதினான்கு நூல்கள். அந்தப் பட்டியலால் ஒரு மனிதனின் குடும்பம் அழிந்தது.

எழுத்தாளரின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர் மேல் குற்றம் இல்லை. அவர் பாட்டுக்கு எங்கேயோ குளிர்நாட்டில் உட்கார்ந்து எழுதினார். அதைப் படித்துவிட்டு இங்கே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தவன் நான். நாராயணசாமி. கோலாலம்பூருக்கு வடக்கே, கெர்லிங்கிலிருந்து உள்ளே தள்ளி, எட்டாங்கட்டை ரப்பர் தோட்டத்தில் சின்ன கிராணி.

தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி என்றால் பாதித் துரை. துரை படிக்கும் புத்தகத்தையும் படித்துவிட்டால் முக்கால் துரை என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பை ஊட்டியவர் பழைய துரை. நாற்பத்தொன்பதில் பக்கத்துத் தோட்டத்து மானேஜரைக் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த மாதமே இவர் மூட்டை கட்டிவிட்டார். போகும்போது தன் அலமாரியிலிருந்து பத்துப் புத்தகங்களை ஒரு தேயிலைப் பெட்டியில் போட்டு என்னிடம் கொடுத்தார். பத்தும் அந்த ஒரே எழுத்தாளருடையவை, லண்டனில் அச்சானவை. கோலாலம்பூர் நடைபாதையில் இரண்டு வாங்கினேன். சிங்கப்பூர்ப் பழைய புத்தகக் கடைக்குப் பணம் அனுப்பி ஒன்று வரவழைத்தேன். அது மட்டும் அமெரிக்காவிலேயே அச்சானது. ஆகப் பதிமூன்று.

அந்த அமெரிக்கப் பதிப்பின் முன்பக்கத்தில், அதே ஆசிரியர் எழுதிய மற்ற நூல்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. அதில் நான் கேள்வியே படாத ஒரு பெயர். தமிழில் சொன்னால், 'பசித்தவர் ஊர்வலம்'. உடனே என் பட்டியலில் பதினான்காவதாக ஏற்றினேன். இன்னொன்றையும் அன்றைக்குக் கவனித்தேன். என்னிடமிருந்த ஒன்பதாவது நூல், 'வடக்குச் சரிவு', அந்த அமெரிக்கப் பட்டியலில் இல்லை. அச்சுக்காரன் விட்டுவிட்டான் என்று நினைத்தேன். இவ்வளவு பெரிய நாட்டில் ஒரு பட்டியலை ஒழுங்காகப் போட ஒரு கிராணி இல்லையே என்று சிரிக்கக்கூடச் சிரித்தேன்.

யார் கேட்டாலும் பதினான்கையும் படித்திருக்கிறேன் என்றுதான் சொல்வேன். அந்தத் தோட்டத்தில் சோதித்துப் பார்க்க யார் இருக்கிறார்கள்?

கேட்டவன் ஒருவன்தான். வீரன். பால்மரம் வெட்டுகிறவன், முப்பது வயது இருக்கும், எழுத்து வாசனையே கிடையாது. மத்தியானம் பால் கொட்டகையில் எல்லாரும் வாளியை இறக்கி நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்து வீடுகளுக்கு ஓடுவார்கள். வீரன் மட்டும் வேண்டுமென்றே கடைசி ஆளாக வந்து நிற்பான். நான் அளந்து எழுதி முடித்ததும் வாளி தூக்கும் காண்டாக் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்காருவான்.

"இன்னிக்கு அமெரிக்காவுல என்னாங்கய்யா நடந்துச்சு?"

இப்படித்தான் ஆரம்பிப்பான். கதை என்று சொல்லமாட்டான். அங்கே தினமும் ஏதோ நடக்கிறது, அது தபாலில் எனக்கு வந்துவிடுகிறது என்று நினைத்தான் போலிருக்கிறது. நானும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம் சொல்வேன். பெரிய கிராணி முதுகுக்குப் பின்னால் கேலி செய்வார், "நம்ம நாராயணசாமி கூலிக்காரனுக்கு காலேஜ் வச்சிருக்கான்" என்று. சொல்லட்டும். எட்டாங்கட்டையில் என் வாயிலிருந்து வருவதை அப்படிக் கேட்டவன் வேறு எவனும் இல்லை. என் மனைவியும் கேட்டதில்லை.

வீரனுக்குப் பிடித்தது 'வடக்குச் சரிவு'. அதை அவன் மாவுக் கதை என்பான். மலையின் வடக்குப் பக்கத்தில் வெயிலே படாத ஓர் ஊர். ஊரே ஒரு கல்லுடைக்கும் கம்பெனிக்கு உழைக்கிறது. குளிர்காலத்தில் கம்பெனி வேலையை மூடிவிடுகிறது. கடையில் மாவு இல்லை. பெண்களும் பிள்ளைகளுமாக ஊரே முப்பது மைல் பனியில் நடந்து, நகரத்தில் இருக்கும் முதலாளி வீட்டு வாசலில் நின்று மாவு கேட்கிறது. முதலாளி கதவைத் திறக்கவில்லை. ஊர் திரும்பி நடக்கிறது. போனவர்களில் பாதிப்பேர்தான் வீடு வந்து சேர்ந்தார்கள். அவ்வளவுதான் கதை.

முடித்த அன்றைக்கு வீரனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"குடுத்திருக்கணும்லா ஐயா. முப்பது மைலு நடந்து வந்திருக்குதுங்க."

"புத்தகத்துல குடுக்கல."

"அவரு மறந்திருப்பாரு. நாளைக்கு இன்னொரு தரம் நல்லாப் பாருங்க."

மறுநாளும் கேட்டான். அதற்கு மறுநாளும் கேட்டான். எழுதினது எழுதினதுதான் என்று அதட்டினேன். அவன் காண்டாவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "எங்க கேட்டுல அரிசியத் தடவிப் பாக்குறவனே பரவால்ல போல" என்று சொல்லிவிட்டுப் போனான். அப்போது லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டாகிவிட்டது. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடும் என்று, மரம் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி அரிசிகூட வெளியே கொண்டுபோகக் கூடாது. காலையில் கேட்டில் ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். வெறும் வயிற்றோடு போய், பால் எடுத்துத் திரும்பிய பிறகுதான் சாப்பாடு.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எங்கள் தோட்டங்களில் ஒரு வழக்கம் இருந்தது. எந்தச் சட்டத்திலும் இல்லை, ஆனால் எல்லாக் கிராணிக்கும் தெரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்டோரைச் சரிபார்க்க ஆள் வருவார்கள். ஏட்டில் நாற்பது வாளி என்று இருந்தால் ஸ்டோரிலும் நாற்பது இருக்க வேண்டும். முப்பத்தெட்டுதான் இருக்கிறதென்றால், காணாமல்போன இரண்டையும் யார் பேரிலாவது போட்டு, 'எடுத்துப்போனான்' என்று எழுதி, கைநாட்டு வாங்கிவிடுவோம். எதற்கு என்று அவர்கள் கேட்கமாட்டார்கள். ஆட்களை மேய்க்கும் மண்டோர் நாலு வார்த்தை திட்டுவார், அதோடு சரி. பதிலுக்கு அடுத்த மாதம் பால் நிறைய வரும் நல்ல மர நிரையாகப் பார்த்து அந்த ஆளுக்கு ஒதுக்கிக் கொடுப்போம். யாருக்கும் கெடுதல் இல்லை என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்வோம்.

என் கைக்கு வாகான ஆள் வீரன்தான். என் ஏட்டின்படி அவன் இரண்டு வாளி, ஓர் அரிக்கன் விளக்கு, ஒரு நீண்ட ஏணி எல்லாவற்றையும் எடுத்துப்போயிருக்கிறான். "ஏணிய வச்சுகிட்டு நான் எங்கங்கய்யா ஏறப்போறேன்?" என்று சிரித்துக்கொண்டே பெருவிரலை மையில் தொட்டவன் அவன்.

ஐம்பத்தொன்றாம் வருஷம் ஜூன் மாதம் போலீசிலிருந்து தோட்டத்துக்கு ஒரு கடிதம் வந்தது. ஆங்கிலம் படிக்கத் தெரிந்த எல்லாரும் தங்களிடம் உள்ள புத்தகங்களின் பட்டியலைக் கொடுக்க வேண்டும். பெரிய கிராணி ஒரு பைபிளும் ஓர் அகராதியும் என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். நான் என்ன செய்தேன்? என் அழகான பட்டியலை எடுத்து, நான்கு கட்டங்களோடு, பதினான்கு நூல்களையும் டைப் அடித்துப் புதுத் துரையிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். துரை புருவத்தை உயர்த்தி, "நீ இவ்வளவும் படித்திருக்கிறாயா?" என்று கேட்டார். "எல்லாமே படித்திருக்கிறேன், சார்" என்றேன். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அதைச் செய்தேன். இதற்கு மேல் அதற்கு விளக்கம் இல்லை.

இரண்டு வாரம் கழித்து டிடெக்டிவ் உதுமான் ஆபீசுக்கு வந்தார். தமிழ் முஸ்லிம். அவருடைய அத்தாவுக்குக் குவாலா சிலாங்கூரில் மளிகைக் கடை. எங்களிடம் தமிழில்தான் பேசுவார், மரியாதையான மனிதர். என் பட்டியல் அவர் கையில் இருந்தது.

"கிராணி, நாளைக்கு வந்து புத்தகத்த எல்லாம் எண்ணி எடுத்துட்டுப் போறேன். பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துருவாங்க. பதினாலு, சரிதானே?"

"சரிதான்" என்றேன்.

அவர் ஜீப் கிளம்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் இருப்பது பதிமூன்று. பதினான்காவதை நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. பட்டியல் முழுமையாக இருக்க வேண்டுமே என்று பேரை மட்டும் சேர்த்தேன் என்று சொன்னால் எந்தப் போலீஸ்காரன் நம்புவான்? எங்கள் உலகத்தில் ஏட்டில் இருந்து ஸ்டோரில் இல்லையென்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இதில் துரை கையெழுத்து வேறு போட்டிருக்கிறார்.

அந்த நேரம் பார்த்து வீரன் ஆபீஸ் வாசலில் வந்து நின்றான், புது உளி வாங்க. பழையது தேய்ந்துவிட்டதாம்.

பன்னிரண்டு வருஷமாக என் கை செய்து பழகியதை என் கை செய்தது. ஒரு நோட்டை எடுத்தேன். 'பசித்தவர் ஊர்வலம், ஒன்று, வீரன் எடுத்துப்போனான்' என்று எழுதி மைப் பெட்டியைத் தள்ளினேன். அவன் எதற்கு என்று கேட்கவில்லை. உளிக்கு என்று நினைத்திருப்பான். விரலைத் தலையில் தேய்த்துத் துடைத்துவிட்டு, "இன்னிக்கு அமெரிக்காவுல ஒண்ணுமில்லைங்களா?" என்றான். வேலை இருக்கிறது என்று விரட்டினேன்.

மறுநாள் உதுமான் எண்ணினார். பதிமூன்று. நோட்டைக் காட்டினேன். அவர் அந்த வரியை இரண்டு தரம் படித்தார்.

"மரம் வெட்டுறவனுக்கா? இங்கிலீஷ் புத்தகமா?"

"படம் பாக்கக் கேட்டான். குடுத்தேன்."

புத்தகத்தில் படம் இருக்கிறதா இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது. உதுமான் பதிமூன்றையும் கட்டி ஜீப்பில் ஏற்றினார். நோட்டையும் எடுத்துக்கொண்டு போனார்.

அரசாங்கம் நாட்டுக்குள் வரக்கூடாதென்று தடை போட்ட நூல்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது என்பது எனக்குத் தெரியாது. என் பதினான்கில் அதில் இருந்தது ஒரே ஒரு பெயர்தான்.

மூன்றாம் நாள் காலைப் பெரட்டில், பேர் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, லோரி வந்து நின்றது. வீரனை வரிசையிலிருந்து இழுத்து ஏற்றினார்கள். லயத்தில் அவனுடைய ஏழாம் நம்பர் வீட்டைக் கவிழ்த்துப் போட்டார்கள். பாய், சட்டி, சாமிப்படம், பாப்பாவின் தொட்டில் கயிறு. புத்தகம் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? அவன் மனைவி தாயம்மா அலறிக்கொண்டு ஓடிவந்து என் காலைப் பிடித்தாள். போலீஸ் காலை அல்ல, என் காலை. வீரன் லோரியிலிருந்து என்னைத்தான் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். ஐயா இருக்கிறார், பேசி இறக்கிவிடுவார் என்ற நம்பிக்கை இருந்தது.

பேசத்தான் செய்தேன். உதுமானிடம் போய், "அவனுக்குத் தமிழே படிக்கத் தெரியாதுங்க, இங்கிலீஷ் எப்படி?" என்றேன்.

"அதத்தான் நாங்களும் கேக்குறோம் கிராணி. படிக்கத் தெரியாதவன் யாருக்கு எடுத்துட்டுப் போனான்? காட்டுக்குள்ள படிக்கத் தெரிஞ்ச ஆளுங்க நெறைய இருக்காங்க."

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அவன் எடுக்கவே இல்லை. நாலு வார்த்தைகூட இல்லை. அன்றைக்கு அதைச் சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும், இரண்டு அறை விழுந்திருக்கும், ஒருவேளை உள்ளே போட்டிருப்பார்கள். சொல்லவில்லை. விசாரித்துவிட்டுத் தானாகவே விட்டுவிடுவார்கள் என்று வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். சாப்பாடு இறங்கியது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

விடவில்லை. அவசரகாலச் சட்டத்தில் வழக்கு இல்லை, வக்கீல் இல்லை. தடுப்பு முகாமுக்கு அனுப்பினார்கள். அப்புறம், இந்தியாக்காரன் என்பதால் கப்பலேற்றி அனுப்பிவிடுவதாகத் தீர்மானித்தார்கள். வீரன் பிறந்தது அதே ஏழாம் நம்பர் வீட்டில். ஆனால் அடையாள அட்டைக்கு நானூறு பேருக்கு மூன்று நாளில் படிவம் எழுதியவன் நான். பிறந்த இடம் என்ற கட்டத்தில், விசாரித்துக்கொண்டிருக்க நேரமில்லாமல், எல்லாருக்கும் ஒரே மாதிரி 'சேலம் ஜில்லா' என்று எழுதித் தள்ளியிருந்தேன். அதற்குக் கீழேயும் அவன் பெருவிரல் இருந்தது.

செப்டம்பரில் என் புத்தகங்கள் திரும்பி வந்தன. உதுமானே கொண்டுவந்து கொடுத்தார். மேலிடத்தில் படித்துப் பார்த்தார்களாம். பதிமூன்றிலும் ஒன்றுமில்லையாம். ஒவ்வொன்றிலும் தலைப்புப் பக்கத்தின் பின்புறம் ஊதா நிறத்தில் ஒரு முத்திரை: 'பார்வையிடப்பட்டது. ஆட்சேபணை இல்லை.' ஒரு வாரம் அவற்றைத் தொடவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, முத்திரை எல்லாவற்றிலும் விழுந்திருக்கிறதா என்று சரிபார்க்க எடுத்தேன். கிராணி புத்தி எங்கே போகும்?

ஒன்பதாவது புத்தகம், 'வடக்குச் சரிவு'. முத்திரை சற்றுக் கோணலாக விழுந்திருந்தது. அதற்கு அடியில், எறும்பு ஊர்ந்ததுபோல் பொடி எழுத்தில் ஒரு வரி. இத்தனை வருஷம் நான் படிக்காமல் புரட்டிய பக்கம் அது. அச்சகத்தின் பெயரும் முகவரியும் போடும் பக்கத்தை யார் படிக்கிறார்கள்? அந்த வரி இவ்வளவுதான்: இந்நூல் அமெரிக்காவில் 'பசித்தவர் ஊர்வலம்' என்ற பெயரில் முதலில் வெளியானது.

ஒன்பதும் பதினான்கும் ஒரே புத்தகம். அமெரிக்காவில் ஒரு பெயர் வைத்தார்கள். லண்டன்காரன் அந்தப் பெயர் வேண்டாமென்று வேறு பெயர் வைத்துவிட்டான். அச்சுக்காரன் எதையும் விட்டுவிடவில்லை. நான்தான் ஒரே நாவலை இரண்டாக எண்ணியிருக்கிறேன். காணாமல்போன புத்தகம் என்று ஒன்று கிடையவே கிடையாது. தடை செய்த புத்தகத்தைப் போலீஸ் மேலிடம் அட்டை முதல் அட்டை வரை படித்து, ஆட்சேபணை இல்லை என்று முத்திரை குத்தி என்னிடமே கொடுத்திருக்கிறது. வீரன் எடுத்ததாக நான் எழுதிய புத்தகம் அவன் திரும்பத் திரும்பக் கேட்ட மாவுக் கதை.

அழுதேன். ஆனால் அழும்போதே ஒரு சந்தோஷமும் வந்தது, மறைக்க மாட்டேன். கையில் அச்சிட்ட ஆதாரம் இருக்கிறது, அவனை மீட்டுவிடலாம் என்று.

திங்கட்கிழமை துரையிடம் அரை நாள் லீவு கேட்டு, புத்தகத்தைத் தினசரித் தாளில் சுற்றிக்கொண்டு டவுன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். பெஞ்சில் ஒரு மணி நேரம். உதுமான் உள்ளே கூப்பிட்டுக் காப்பி வரவழைத்துக் கொடுத்தார்.

"என்னா கிராணி, இவ்வளவு தூரம்?"

"வீரன் விஷயமா..."

"அவன் மேல ரொம்பப் பாசம் போல. நல்லதுதான்" என்றவர், கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன், மனசோட வச்சுக்குங்க. உங்க மேலயும் பைலு ஓடுச்சு. அந்தப் புத்தகம் உங்க லிஸ்ட்டுலதானே இருக்குது? அவன் கைநாட்டு இருந்துச்சு, நீங்க தப்பிச்சீங்க. அது மட்டும் இல்லாட்டி, இந்நேரம் நீங்க உள்ள, அவன் வெளிய."

நான் காப்பியைக் குடித்தேன்.

"போன மாசம் ஒரு தோட்டத்துல கிராணி ஒருத்தன் அரிசிக் கணக்குல பொய் எழுதிட்டான். போலீசுக்குப் பொய்க் கணக்கு குடுத்தான்னு புடிச்சாங்க. ஆள் எங்க இருக்கான்னே தெரியல. காலம் அப்படி இருக்கு. சரி, வந்த விஷயத்தச் சொல்லுங்க. அது என்னா பொட்டலம்?"

"புத்தகம். நீங்க திருப்பிக் குடுத்ததுல ஒண்ணு."

"படிங்க, படிங்க. அதுல ஒண்ணுமில்லன்னு மேலிடத்துலயே சொல்லிட்டாங்க."

பொட்டலத்தின் சணல் முடிச்சில் என் விரல் இருந்தது. அந்த வரியைக் காட்டினால் அடுத்த கேள்வி எதுவென்று எனக்குத் தெரியும். அப்படியென்றால் இந்தக் கைநாட்டு எப்படி வந்தது? அதற்கு அச்சிட்ட பதில் எதுவும் கிடையாது. நான்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். என் மனைவியை நினைத்தேன், பையனை நினைத்தேன். உண்மையில் அவர்களைக்கூட நினைக்கவில்லை. அந்த லோரியில் நான் நிற்பதையும் பெரட்டில் எல்லாரும் என்னைப் பார்ப்பதையும் நினைத்தேன்.

"வர்ற வாரம் அரிசி லோரிக்குப் பாஸ் வேணும்" என்றேன். "அதுக்குத்தான் வந்தேன்."

எழுதிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அக்டோபர் முதல் வாரம், மத்தியானம், ஆபீசில் நான் மட்டும் இருந்தபோது தாயம்மா வந்தாள். மூன்று மாதத்தில் பாதியாக இளைத்திருந்தாள். பாப்பா புஷ்பவள்ளி இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தது. முந்தானையில் முடிந்திருந்த ஒரு கடிதத்தை அவிழ்த்து என் மேசையில் வைத்தாள். முகாமிலிருந்து வந்திருந்தது. இரண்டு இடத்தில் தணிக்கைக்காரன் கறுப்பு மை பூசியிருந்தான். வீரன் சொல்லச் சொல்லக் கூட இருந்தவன் யாரோ எழுதியிருக்கிறான்.

"படிங்கய்யா" என்றாள்.

படித்தேன்.

"அன்புள்ள தாயம்மாளுக்கு வீரன் எழுதிக்கொள்வது. நான் சுகம். நீயும் பாப்பாவும் சுகமா இருக்கணும். கப்பல் இருபத்திரண்டாம் தேதின்னு சொல்றாங்க. அதுக்கு முந்தி இன்னொரு தரம் விசாரணை இருக்கு. போன தரம் மூணு துரைங்க உக்காந்து அந்தப் புத்தகத்துல என்னா இருக்குன்னு கேட்டாங்க. தெரியாதுன்னேன். மறைக்கிறான்னு எழுதிகிட்டாங்க. கிராணி ஐயாவக் கேட்டு, அதுல என்னா இருந்துச்சுன்னு ரெண்டு வரி எழுதி அனுப்பச் சொல்லு. நான் எதுக்காகப் போறேன்னு தெரிஞ்சுகிட்டாவது போறேன். இங்க எல்லாரும் கதை சொல்லச் சொல்றாங்க. ஐயா சொன்ன மாவுக் கதையத்தான் சொல்றேன். கடைசியில மாவு குடுத்துட்டாங்கன்னு மாத்திச் சொல்றேன். ஐயா கோவிச்சுக்க வேணாம்னு சொல்லு."

கடைசி வரியில் என் குரல் நின்றுவிட்டது. தாயம்மா அதை என் இரக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

"அழுவாதீங்கய்யா. நீங்க என்னா பண்ணுவீங்க" என்றாள். பிறகு கேட்டாள், "அந்தப் புத்தகத்துல என்னதாங்கய்யா இருந்துச்சு?"

'வடக்குச் சரிவு' என் மேசை இழுப்பறையில் இருந்தது, டவுனுக்குப் போய்வந்த அதே தாள் சுற்றலோடு. எனக்குக் காரணங்கள் எப்போதும் வரிசை எண் போட்டுத்தான் வரும். ஒன்று, அது மாவுக் கதைதான் என்று எழுதினால், அவன் விசாரணையில், "அந்தக் கதை எனக்குத் தெரியும்" என்பான், ஒப்புக்கொண்டான் என்று எழுதிவிடுவார்கள். இரண்டு, கடிதத்தைத் தணிக்கைக்காரன் படிப்பான். மூன்று, கப்பல் எப்படியும் போகத்தான் போகிறது. மூன்றும் சரியான காரணங்கள். மூன்றும் பொய். பயம் என்பது ஒன்றுதான் மெய்.

"அத நான் படிச்சதில்ல, தாயம்மா" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். கண்டுபிடிக்கட்டும் என்றும் நினைத்தேன்.

"அப்ப அதையே எழுதுங்கய்யா" என்றாள். "நீங்களே படிக்காதத அது எங்க படிச்சிருக்கப் போவுதுன்னு அந்தத் துரைங்களுக்குப் புரியும்லா."

எழுதினேன். என் கையெழுத்து எப்போதும்போல் அழகாகவே வந்தது. முடித்துவிட்டு, அடியில் அவள் பெயரை எழுதி, மைப் பெட்டியைத் தள்ளினேன். தாயம்மா குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு, பெருவிரலை மையில் தொட்டு, நான் காட்டிய இடத்தில் வைத்தாள்.